கைராசி இல்லாத கையில் ஒரு போன்சாய்

எனக்குக் கைராசி கிடையாது என்பது அந்தமானில், டாலிகஞ்சில் இருக்கும் எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்த சமாச்சாரம். நான் வைத்த ரோஜா துளிர்க்காது. நான் நட்ட துளசி ஒரு மாதம் தாண்டாது. மணிபிளான்ட்டை யாராலும் கொல்ல முடியாது என்பார்கள், நான் கொன்றேன். பக்கத்து வீட்டு பெங்காலிப் பெண் பின்பக்கம் மிளகாய் நாற்று நடும்போது நான் துணி காயப்போட வெளியே வந்தால், "தீதி, ஏக் மினட் அந்தர் ஜாயியே" என்று என்னை உள்ளே அனுப்புவாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை நாற்றைக் கையில் எடுக்க மாட்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். என் வீட்டுக்காரர் படகு என்ஜின் மெக்கானிக். நான் அரசாங்க ஆபீஸில் கிளார்க், குவார்ட்டர்ஸ் என் பெயரில். "உன் கையில நிலைச்சது இந்தக் குவார்ட்டர்ஸ் ஒண்ணுதான், அதுவும் கவர்மென்ட் கட்டினது" என்பார். நான் பதிலுக்குச் சொல்வதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

இந்த நிலைமையில்தான் அந்த மரம் என்னிடம் வந்தது. மேல்வீட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த டீச்சர் ஒருவர் ஏழு வருஷம் இருந்தார். வந்த புதிதில் சிப்பிகாட் என்ற ஊரில் ஒரு நர்சரியில் வாங்கிய ஃபைகஸ் கன்றை, வேரை வெட்டி, கிளைக்குக் கம்பி சுற்றி வளைத்து, இரண்டு கை அகலத் தட்டில் குட்டி ஆலமரமாக ஆக்கி வைத்திருந்தார். அவர் வீட்டு ஹாலில் ஜன்னலோரம் அது நிற்கும். அதன் பக்கத்தில் ஒரு பொம்மை யானையை வைத்தால் நிஜமான காடு என்று நம்பிவிடலாம். எனக்கு அதன்மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் வீட்டைக் காலி செய்யும் வாரம் எங்களுக்கெல்லாம் திருவிழா. ஃபிரிட்ஜ் ஒரு வீட்டுக்கு, கட்டில் ஒரு வீட்டுக்கு, துணி காயப்போடும் கொடிக்கயிறுகூட யாருக்காவது போகும். டீச்சர் வீட்டிலும் எல்லாம் போய்விட்டது. மரம் மட்டும் நின்றது. அவர் கேட்டுப் பார்த்த மூன்று பேரும் கையை விரித்துவிட்டார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்ககிட்ட குடுக்க மனசே வரல. ஆனா வேற ஆள் இல்ல."

சுர்ரென்று ஏறியது எனக்கு. இப்படியா ஒரு மனுஷி முகத்துக்கு நேரே சொல்வாள். "வச்சிட்டுப் போங்க டீச்சர்," என்றேன். "உங்களைவிட நல்லா வளர்த்துக் காட்டறேன். பாருங்க." வழக்கம்போல வாய் முந்திக்கொண்டுவிட்டது. பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டீச்சர் ஒரு பேப்பரில் விதிகள் எழுதிக் கொடுத்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் வேண்டும். வாரம் ஒருமுறை தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். விரலை வைத்துப் பார்த்து மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். கடைசி வரிக்கு இரண்டு கோடு போட்டிருந்தார்: தண்ணீர் மட்டும், வேறு எதுவும் ஊற்ற வேண்டாம். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மெயின்லேண்டுக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். வெறும் தண்ணீரைக் குடித்து ஒரு உயிர் எப்படி வளரும்?

எங்கள் தீவில் செடிக்குச் சாப்பாடு என்றால் மீன் கழுவிய தண்ணீர்தான். தினம் மீன் வாங்காத வீடு இங்கே அபூர்வம். கல் உப்புப் போட்டுத் தேய்த்து, வழவழப்புப் போக அலசி, அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைக்கோ மிளகாய்க்கோ ஊற்றுவோம். செடி மதமதவென்று வளரும். கோடையில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், ஒரு தடவை உபயோகித்த தண்ணீரைச் சாக்கடையில் விட எங்கள் யாருக்கும் கை வராது. நானும் கடைசி அலசலை ஒரு குவளையில் எடுத்துவைத்து, நாற்றம் வராமல் கொஞ்சம் மஞ்சளும் கலந்து, ஆபீஸ் போகுமுன் மரத்துக்கு ஊட்டுவேன். ஆமாம், ஊட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு ஆசையாகச் செய்தேன்.

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் இலை நுனிகள் பழுப்பாகிக் கருகின. பசி போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பிறகு கொட்ட ஆரம்பித்தது. காலையில் பெருக்கினால் சாயங்காலம் மறுபடி தரை முழுக்க இலை. மார்ச் கடைசியில் ஒரு இலைகூட இல்லாமல், குச்சி குச்சியாக, மொட்டையாக நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "யே தோ கயா, தீதி," இது போயே போச்சு என்று உச்சுக் கொட்டினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செத்த மரத்துக்காக மட்டும் இல்லை. ஊர் முழுக்கச் சொல்வது உண்மைதான், என் கையில் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கு நானே நம்பிவிட்டேன்.

போதாக்குறைக்கு டீச்சர் போன் செய்தார். மரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். "இங்க நெட் இல்ல டீச்சர், தெரியுமே உங்களுக்கு," என்றேன். கடலுக்கடியில் கேபிள் வந்து நெட் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்து எவ்வளவோ நாளாகிவிட்டது. ஆனாலும் அந்தமானில் நெட் இல்லை என்று சொன்னால் மெயின்லேண்டில் இன்னும் எல்லாரும் நம்புவார்கள். அடுத்த வாரம் மறுபடி கேட்டார். வந்த அன்றைக்கு எடுத்த பழைய போட்டோவை அனுப்பிவிட்டேன். "சூப்பர் அக்கா, அப்படியே இருக்கே," என்று பதில் வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் தட்டைக் கையில் எடுத்தேன். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுண்ணாம்பு மாதிரி, ஆனால் சுண்ணாம்பு இல்லை. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. சமையலறையில் ஜாடி விளிம்பில் படியுமே, அதே உப்பு.

அப்போதுதான் புரிந்தது. வெளியே மண்ணில் நிற்கும் கறிவேப்பிலைக்கு நான் ஊற்றும் உப்பையெல்லாம் மழை அடித்துக்கொண்டு போய்விடும். இதற்கு இருப்பது நாலு பிடி மண். மழை தெரியாமல் வீட்டுக்குள் நிற்கிறது. ஒவ்வொரு குவளை உப்பும் அதற்குள்ளேயே தங்கியிருக்கிறது. கைராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பாசத்தில் உப்புக்கண்டம் போட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கிண்டல் செய்வார், செய்யட்டும் என்றுதான் சொன்னேன். அவர் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்பா?" என்றார். "கடல்ல ஓடிட்டு வர்ற என்ஜினுக்கு என்ன பண்றோம்? கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி குடுத்து ஓட விடறோம். உள்ள இருக்கற உப்பு மொத்தமும் வெளிய வர்ற வரைக்கும். இதுக்கும் அதான். ஆனா ஒரு சொம்பு ரெண்டு சொம்பு பத்தாது. வாளி வாளியா வேணும்."

வாளி வாளியாக. ஏப்ரல் மாதத்தில். குழாய் வரும் நாளில் எங்கள் வீட்டில் டிரம், அண்டா, குக்கர், பால் காய்ச்சும் பாத்திரம்வரை எல்லாவற்றையும் நிரப்பி, அதை வைத்து மூன்று நாள் ஓட்ட வேண்டும். "குளிக்கறதுக்கே பானி இல்ல, மரத்துக்கு அபிஷேகம் பண்ணப் போறியா?" என்றார் அவர்.

"என் குளியல் வாளியைக் குடுக்கறேன். உங்களோடதைத் தொடல. போதுமா?"

அன்று மதியமே ஆரம்பித்தேன். தட்டை இரண்டு செங்கல் மேல் வைத்து, அடியில் அகலமான டப்பை வைத்து, மேலிருந்து மெதுவாக நல்ல தண்ணீரை ஊற்றினேன். அடி ஓட்டை வழியாகப் பழுப்பாகச் சொட்டியது. நாக்கில் தொட்டுப் பார்த்தேன், கரித்தது. டப்பில் விழுந்த தண்ணீரைக் கக்கூஸுக்கும் தரை துடைக்கவும் எடுத்துவைத்தேன். ஒரு சொட்டைக்கூட வீணாக்கவில்லை, அதை யாரும் சொல்ல முடியாது. மறுநாள் நான் அரை வாளியில் குளித்துவிட்டு ஆபீஸ் போனேன். குழாய் வந்த நாளெல்லாம் இதே வேலை. ஒவ்வொரு முறையும் சொட்டுவதை நக்கிப் பார்ப்பேன். வாரம் மூன்றானது. கரிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் என் வாளிக்குப் பக்கத்தில் இன்னொரு நிறைந்த வாளி இருந்தது. அவருடையது. கேட்டதற்கு, "எனக்கு இன்னிக்குப் பட்டறையில குளியல்," என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த மனுஷனை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது.

உப்பு போய்விட்டது. மரம் அப்படியே மொட்டையாகத்தான் நின்றது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபைகஸைக் கிள்ளினால் பால் வரும் என்பது மட்டும் தெரியும். கத்தரிக்கோலை எடுத்து உச்சிக் கிளையின் நுனியை வெட்டினேன். சுள்ளி, ஒன்றுமில்லை. இன்னும் கீழே வெட்டினேன். சுள்ளி. டீச்சர் ஏழு வருஷம் பார்த்துப் பார்த்து வளைத்த உச்சி மொத்தமும் மடியில் விழுந்தது. கைகூசத்தான் செய்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பாதி உயரத்துக்கு வந்த பிறகு, ஒரு வெட்டில், மிளகளவு வெள்ளையாக ஒரு சொட்டு துளிர்த்து நின்றது. பால். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்துவிட்டாள், பாம்பு என்று நினைத்திருக்கிறாள்.

மே நடுவில் மழை பிடித்துக்கொண்டது. குழாயைப் பற்றிய கவலை போயிற்று. ஜன்னலைத் திறந்து வைத்து, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றினேன். வெறும் தண்ணீர். பத்து நாள் கழித்து, வெட்டின இடத்துக்குக் கீழே பட்டையில் சிவப்பாக ஒரு கூர்மை. மறுநாள் அது விரிந்தது. அரிசி நீள இலை, பளபளவென்று. அப்புறம் நாலு, அப்புறம் எண்ண முடியாமல். ஒவ்வொரு இலைக்கும் நான் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் வந்து பார்த்தார், பாவம்.

உச்சி போனதால் பக்கவாட்டில் இருந்த கிளை தலைமை எடுத்துக்கொண்டது. நான் கம்பியெல்லாம் சுற்றவில்லை. வெளிச்சம் பார்த்து அதுவே சாய, நான் வாரத்துக்கு ஒருமுறை திருப்பி வைக்க, அது தானாகவே காற்றில் சாய்ந்த கடற்கரை மரம் மாதிரி ஒரு உருவம் எடுத்தது. மூன்று வருஷத்தில் அடி பருத்து, கிளையிலிருந்து மெல்லிசாக விழுதுகூட இறங்கியது. டீச்சர் கையில் இருந்தபோது விழுது இல்லை. இதை நான் அடிக்கடி எல்லாரிடமும் சொல்வதுண்டு.

போன டிசம்பரில் டீச்சர் எல்.டி.சி. பயணச் சலுகை எடுத்துக்கொண்டு புருஷனோடு சுற்றிப் பார்க்க வந்தார். இங்கே இருந்த ஏழு வருஷமும் போகாத பீச்சுக்கெல்லாம் போய்விட்டு, ஊருக்குத் திரும்பும் முதல் நாள் என் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். அவர் கண் ஹாலைச் சுற்றி வந்து ஜன்னலில் நின்றது.

"இது நல்லா இருக்கே அக்கா. எங்க வாங்கினீங்க?" என்றார். பிறகு குரலை இறக்கி, "என்னோடது போயிடுச்சா? பரவால்ல. நான் எதிர்பார்த்ததுதான். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

"டீச்சர்," என்றேன், "இதுதான் உங்களோடது."

அவர் நம்பவில்லை. காப்பியை வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அடிமரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பின்பக்கம் கீழே ஒரு வடு இருந்தது. ஒருதடவை அவர் கம்பியை எடுக்க மறந்து, அது பட்டைக்குள் பதிந்த வடுவாம். அதைக் கண்டுபிடித்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட குடுக்க மனசு வரலன்னு சொன்னேன் இல்லக்கா."

"சொன்னீங்க. வாசல்ல நின்னு, மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க."

பெருந்தன்மையாக விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பார். நான் விடவில்லை. மூன்று வருஷம் சேர்த்து வைத்ததை ஒன்று விடாமல் கொட்டினேன். மீன் தண்ணீரைச் சொன்னேன், நெட் இல்லை என்று விட்ட டூப்பைச் சொன்னேன், பழைய போட்டோவைச் சொன்னேன், அரை வாளிக் குளியலைச் சொன்னேன், அவருடைய ஏழு வருஷ உச்சியை என் கையால் வெட்டிப் போட்டதையும் சொன்னேன். அவர் புருஷன் எழுந்து வெளியே போகலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. டீச்சர் முதலில் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு மறுபடி சிரித்தார். மரத்தைத் திருப்பிக் கேட்பாரோ என்று எனக்குத் தோன்றியது. கேட்டால் கொடுப்பதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்துகொண்டேன்.

அவர் கேட்டது வேறு.

"அங்க போய் மூணு கன்னு வாங்கி வச்சேன் அக்கா. மூணும் போச்சு. இதுல ஒரு கிளை குடுங்க. வெட்டி மட்டும் குடுத்துடாதீங்க, நீங்களே நட்டுக் குடுங்க. உங்க கை பட்டாத்தான் பிழைக்கும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கத்தரிக்கோலை எடுக்க எழுந்துவிட்டேன்.