எங்கள் வட்டாரத்துக்கு ஆள் போதாது

தேர்தல் வட்டாரங்களுக்கு எல்லை போடும் குழுவில் படம் வரைகிற வேலை எனக்கு. கோடு எங்கே விழுந்தாலும் ஒரு பக்கத்தார் திட்டுவார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பேச்சு வாங்கிய அனைவருக்கும் இந்தச் சுகம் தெரிந்திருக்கும்.

எங்கள் குழுவில் கட்சிக்காரர் யாரும் இல்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்கள் இருக்கவேண்டும் என்பதுதான் சட்டம். ஆள் குறைந்த வட்டாரத்தைப் பக்கத்து வட்டாரத்தோடு சேர்த்துவிடுவோம். அப்படிச் சேரப்போகிற பட்டியலில் நான் பிறந்த புங்குடுதீவு மடத்துவெளியும் இருந்தது. அது தனியாகவே நிற்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. வெளியில் சொல்லமுடியுமா?

பென்சில் கைமாறியது

முதற் கூட்டம் ஊர்காவற்றுறையில். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற காணி அதிகாரி. “இஞ்சை ஆருக்கும் தீவுப்பகுதி சொந்த ஊரோ?” என்று கேட்டார். கையை உயர்த்தினேன். நான் ஆட்களை எண்ணப் போகலாம், ஆனால் புங்குடுதீவின் எல்லைக்கோட்டை என்னோடு படம் வரைகிற வவுனியாப் பொடியன் போடட்டும் என்றார்.

“சேர், நான் ஒரு பக்கமும் சாயமாட்டன்” என்றேன், கொஞ்சம் ரோசத்தோடு.

“சாயமாட்டீர் பிள்ளை, தெரியும். சாயேல்லை எண்டு சனம் நம்பவேணுமே!”

பைக்குள் இருந்த சாட்சி

பொதுமக்கள் கருத்துச் சொல்லும் நாள். தென்னிலங்கையில் கடை வைத்திருந்து ஊர் திரும்பிய ஒருவர், பத்திரிகையில் வெட்டிய துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். எல்லாம் மரண அறிவித்தல்கள். புங்குடுதீவு இத்தனையாம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும், கனடாவை, பிரான்சை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. வட்டாரத்துக்கு எவ்வளவு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இதுவே அத்தாட்சி என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குவியலில் அப்பாவின் படத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. தலைவர் மெதுவாக, “ஐயா, இவையள் எல்லாரும் செத்தவையெல்லோ?” என்றார்.

“ஓம் சேர், செத்தாப்பிறகும் வட்டாரத்தை விடாத சனம். நீங்கள் உயிரோடை இருக்கிறவையிட்டை இருந்து பறிக்கப் பாக்கிறியள்.”

கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை

வீடு வீடாகப் போய் எண்ணினோம். எங்கள் ஒழுங்கையில் பூட்டிக்கிடக்கும் வீடுகளின் திறப்புக் கொத்தெல்லாம் பக்கத்து வீட்டு மணியக்காவிடம்தான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகக் கூட்டித் துடைத்து வைப்பவர். அன்று பார்த்தால் எல்லா வீட்டு யன்னலும் திறந்திருந்தது, எல்லா முற்றத்திலும் உடுப்புக் காய்ந்தது. கிட்டப்போனால் பெட்டி மடிப்புக்கூடக் கலையாத சேலைகள்!

எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை. நான் போட்டது. அலுமாரிக்குள் விட்டுவிட்டுப் போனது. கடற்காற்றுக்கு அது ஆடியபோது, “அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடலாமா என்று இருந்தது. அம்மாவும் இல்லை, அந்த வயதும் இல்லை.

“இந்த வீட்டிலை படிக்கிற பிள்ளை இருக்குதோ?” என்று தலைவர் கேட்டார். மணியக்கா தயங்கவே இல்லை, என்னைக் கையால் காட்டினார்.

“ஓம் சேர், இருக்குது. இப்ப கொஞ்சம் வளந்திட்டுது.”

இடாப்பு

ஆள் போதவில்லை. மடத்துவெளியைப் பக்கத்தோடு சேர்த்தாயிற்று. பொடியன் போட்ட கோட்டில் ஒரு பிழையும் இல்லை. பிழை இருக்காதா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தவள் நான்.

செய்தி சொல்ல நானே போனேன். மணியக்கா குசினி வாசலில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். “கனபேர் குறைஞ்சதோ?” என்றார்.

“இல்லையக்கா, கொஞ்சப் பேர்தான். ஆனா இல்லாத ஆக்களை எண்ண ஏலாதே. நியாயமாத்தான் செய்தவை.”

அவர் கோபிக்கவில்லை. எங்கள் வீட்டுத் திறப்பை எடுத்து என் கையில் வைத்தார். பட்டினத்தில் வீடு எடுத்து, வாக்காளர் இடாப்பில் பதிவையும் அங்கேயே மாற்றிக்கொண்டு இருக்கிற என்னை ஒருதரம் பார்த்தார்.

“அது சரி பிள்ளை, உம்மடை பேர் எந்த ஊர் இடாப்பிலை கிடக்குது?”

ஆள் தேடி ஒழுங்கை ஒழுங்கையாக நடந்த எங்கள் குழு, குறைந்துபோன ஆட்களில் ஒருத்தியை முழுநேரமும் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறது.