அமாவாசைக்கு டாக்டரை வரவழைத்தவர்

சாயங்காலம் ஊத்துக்கோட்டை பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நின்றபோது, கண்டக்டர் விசில் ஊதாமல் கீழே இறங்கினார். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, "யம்மா, உங்க தலைவரம்மா திருவள்ளூர் ஆஸ்பத்திரில தவறிட்டாங்களாம். மார் வலியாம்" என்றார். முறத்தைக் கீழே வைக்க யாருக்கும் தோன்றவில்லை. என் பக்கத்தில் நின்றவள் மட்டும், "எந்தத் தலைவரம்மா?" என்று கேட்டாள். எங்களுக்கு வேறு தலைவரம்மா கிடையாது என்று அவளுக்கும் தெரியும்.

இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னீர்கள். நாலு பேர் பார்த்தால் எனக்கு வாய் வராது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள். அழுகையாக எழுத வரவில்லை. தனபாக்கியம் அம்மாளை நினைத்தாலே, இதோ ஏதோ நடக்கப் போகிறது என்று இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. அவர் வந்து நின்ற இடமெல்லாம் அப்படித்தான் இருந்தது.

மகளிர் மன்றத் தலைவி, பஞ்சாயத்து உறுப்பினர், ஏரிக்குக் கீழே நெல் விளைகிற சொந்த நிலம் உள்ளவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. பஸ்ஸை நிறுத்த அவர் கை காட்ட மாட்டார். ரோட்டு நடுவில் போய் நிற்பார். டிரைவர் கத்தினால், "உனுக்குக் கண்ணு நல்லா கீதான்னு பாத்தேன். கீது. போ" என்று சிரித்துக்கொண்டே ஏறுவார்.

அவர் முதலில் செய்த காரியம் ஒரு தப்பு. அதை அவரே மன்றத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் என்பதால் நானும் தைரியமாக எழுதுகிறேன். மனநோய் பார்க்கிற பட்டணத்து டாக்டர் ஒருவரை எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்து, வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார். அதற்குத் தண்டோரா போடச் சொன்னார். தெருத் தெருவாகத் தமுக்கு அடித்து, "ஊட்ல மூள கொழம்பினவங்க யார் இருந்தாலும் கூட்டினு வரணும்! பட்டணத்து டாக்டரு வராரு!" என்று சொல்லியாயிற்று.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து உட்கார்ந்தார். ஒரு ஈ காக்கை இல்லை. அந்தப் பக்கம் கால் வைத்தவர்கள் வீட்டில் பைத்தியம் இருக்கிறது என்று ஆகிவிடுமே! பஞ்சாயத்து ஆபீஸ் வாசல் குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூட அன்றைக்கு யாரும் வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு எல்லோரும் கிணற்றுக்குப் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒரு தாத்தா மட்டும் தடியூன்றி வந்து, "முட்டி நோவுது சார், ஒரு ஊசி போடு" என்றாராம். டாக்டர் முட்டியைப் பார்த்து அனுப்பிவிட்டு, பையை மூடினார்.

"சார், ஊருக்கு நோவு இல்லன்னு நெனச்சுடாதீங்க" என்றாராம் தலைவரம்மா. "நான்தான் தமுக்கு அடிச்சு கதவயெல்லாம் சாத்த வெச்சுட்டேன்."

சாத்திய கதவுகளில் எங்கள் வீட்டுக் கதவும் ஒன்று. என் தம்பி பிறந்த அன்றே இறந்த பிறகு, அம்மா தூங்குவதை விட்டாள். அப்புறம் பேசுவதை விட்டாள். தலை வார விடமாட்டாள். சில நாள் விடிந்து பார்த்தால் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருப்பாள். நைனா கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகக் கட்டுகிற பாக்டரிகளில் கொத்து வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டது. வீட்டை நடத்தியது அத்தை, நைனாவின் அக்கா. அறுப்பு முடிந்ததும் அம்மாவை ஒரு தூரத்துக் கோயிலில் கொண்டுபோய்க் கட்டி வைத்துவிட்டு வருவது என்று அத்தை முடிவு செய்திருந்தாள். அங்கே விட்டவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. நைனா தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா சொன்னா சரிதான்" என்றார். கதிர் பழுக்கப் பழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தலைவரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி எதையும் கேட்கவில்லை. தன் மாடு கன்று போட்ட கதையைச் சொன்னார். அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"அவகிட்ட இன்னா பேசிக்கினு கீற? செவுத்துல போய் பேசு, அதுவாவது கேக்கும்."

"கால் ஒடிஞ்சவன தோள் மேல தூக்கினு ஓடறோம். மனசு ஒடிஞ்சவள எதுக்குடி கட்டி வெக்கறோம்?"

"டாக்டர்கிட்ட இட்டுனு போன்னு சொல்லுவ. ஊரே எங்கள கீழ்ப்பாக்கம்னு கூப்பிடும். எந் தம்பி பொண்ண எவன் கட்டுவான்? பேஜாரு புடிச்ச வேல. வர அமாவாசைக்குத் திருவள்ளூர் போய், கொளத்துல வெல்லம் கரைச்சுட்டு வரப் போறேன். அதோட சரி."

தலைவரம்மா எழுந்தே விட்டார். "இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு!"

"வெல்லம் கரைக்கப் போறேன்னேன். அது கூடவா தப்பு?"

"அமாவாசைக்கு! அடிப் பாவி, அமாவாசைக்கு!" என்று அத்தையின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். அப்படியே வாசல் தாண்டி நடந்தவர் செருப்பை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போய்விட்டார். அத்தை என்னைப் பார்த்து, "இதுக்கும் முத்திப் போச்சுடி" என்றாள்.

அமாவாசை என்றால் வீரராகவர் கோயில் குளத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர் முழுக்கப் போகும். உடம்பில் என்ன நோவு இருந்தாலும் குளத்தில் வெல்லம் கரைத்தால் அதுவும் கரையும் என்று நம்பிக்கை. யார் எதற்குப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. டாக்டரை அந்த நாளில் அங்கே உட்கார வைத்துவிட வேண்டும் என்பதுதான் தலைவரம்மாவுக்கு வந்த யோசனை. டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லையாம். "அமாவாசைக்கும் மனநோய்க்கும் சம்பந்தமே இல்லை அம்மா. நானே அன்றைக்கு வந்தால், சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொன்ன மாதிரி ஆகிவிடும்" என்றாராம்.

"நோவுக்கு சம்பந்தம் இல்ல சார். பஸ்ஸுக்கு சம்பந்தம் கீது. அன்னிக்குத்தான் கூட்டம். கூட்டத்துல யாரு யாரப் பாக்கறா?"

டாக்டர் சிரித்துவிட்டாராம். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டதாகத் தலைவரம்மா சொன்னார்.

குளக்கரைத் தெருவில், கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தன் வீட்டு முன்கூடத்தைக் கொடுத்தார். "குளத்துல ஒரு முழுக்கு, டாக்டரண்ட ஒரு வார்த்தை. பெருமாள் ரெண்டுக்கும் கோச்சுக்க மாட்டார்" என்றார் அவர். போர்டு கிடையாது, தமுக்கு கிடையாது. வாசலில் ஒரு பானை மோர். மோர் குடிக்க உள்ளே போகலாம். டாக்டர் உட்புறம் உட்கார்ந்திருப்பார். இந்தச் செய்தியை மட்டும் மன்றத்துப் பெண்கள் காதோடு காதாகச் சொன்னார்கள். என் காதிலும் சொன்னார்கள், அத்தைக்குச் சொல்லவில்லை.

அந்த அமாவாசையை என்னால் மறக்கவே முடியாது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகக்கூட ஆள் ஏறினார்கள். அம்மாவை நடுவில் வைத்து நானும் அத்தையும் நசுங்கிக்கொண்டு போனோம். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை! வீட்டை விட்டு வெளியே வந்து எத்தனை காலம்! எனக்குத் திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருந்தது. குளத்தில் இறங்கியதும் அம்மா தானாகவே வெல்லத்தை வாங்கித் தண்ணீரில் விட்டாள்.

வெயில் ஏறிவிட்டது. "மோர் குடிச்சுட்டுப் போலாம் அத்த" என்றேன். நான் அதற்கு முன் அத்தையிடம் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. அத்தைக்கும் தாகம், வந்தாள்.

முன்கூடத்தில் கால் வைத்ததும் அத்தை அப்படியே நின்றாள். உள்ளே பாயில் எங்கள் ஊர் ரேஷன் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தால், "கீழ்ப்பாக்கம் ஊடு வருது, வழி உடுங்க" என்று வரிசையில் சொல்லிச் சிரிப்பாரே, அவர்தான். அவர் தோளில் சாய்ந்து அவருடைய தங்கை. அப்படி ஒரு தங்கை இருப்பதே ஊரில் யாருக்கும் தெரியாது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அத்தை திறந்த வாயை மூடவில்லை. அத்தை அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் எழுந்து போயிருப்பார். அந்தக் கூடமும் அதோடு முடிந்திருக்கும்.

தலைவரம்மா இரண்டு டம்ளரோடு நடுவில் வந்தார். "இன்னா அப்பிடி மொறைச்சினு கீறீங்க? நீங்களும் மோர் குடிக்கத்தான வந்தீங்க, அவுங்களும் மோர் குடிக்கத்தான வந்தாங்க? குடிங்க. உப்பு கம்மின்னா சொல்லுங்க."

அப்புறம் ரேஷன் கடைக்காரர் நகர்ந்து பாயில் இடம் விட்டார். "குந்து அக்கா" என்றார். அத்தை உட்கார்ந்தாள்.

டாக்டர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "தூக்கம் வருதாம்மா?" அத்தை சொன்னாள்: "எனக்கு வரல டாக்டர்." எல்லோரும் திரும்பினோம். "எம் புருசன் போனதுலேர்ந்து வரல. இவளப் பாத்தா எனக்கும் இப்பிடி ஆயிடுமோன்னு பயமா கீது. அதான் எங்கனா வுட்டுட்டு வந்துரலாம்னு..." என்று சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அத்தைக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அறுப்பு முடிந்தது. அம்மா எங்கேயும் போகவில்லை. அத்தையே மாத்திரையும் தண்ணீருமாக நின்று, "முழுங்குடி, நாக்க காட்டு" என்பாள். அமாவாசைதோறும் பஸ் ஏறினோம். பொங்கல் கழிந்த ஒரு காலையில் சோறு வடித்து, குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு இன்னாடி இப்பிடி அள்ளிக் கொட்டிக்கீற, கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்றாள்.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். வரப்பில் விழுந்து எழுந்து ஓடினேன். தலைவரம்மா மாட்டுக் கொட்டகையில் இருந்தார். "அம்மா திட்டுச்சு! என்னத் திட்டுச்சு!" என்று கத்தினேன். சாணிக் கூடையை அப்படியே போட்டுவிட்டு, "எங்க, என்னயும் திட்டச் சொல்லு, வா!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னைவிட வேகமாக ஓடி வந்தார். சாணிக் கையோடு வந்து நின்றவரைப் பார்த்து அம்மா, "தலைவரம்மா, மொதல்ல கையக் கழுவுங்க" என்றாள். அவர் எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அன்றைக்குத்தான் அவரிடம் கேட்டேன், உங்களுக்கு ஏன் இதில் இவ்வளவு என்று. "எங்க அண்ணன கட்டி வெச்சிருந்தோம்மா. அவுத்து உடலாம்னு எல்லாரும் சம்மதிக்கறதுக்குள்ள போய்ட்டாரு" என்றார்.

அவர் போன அடுத்த வாரமே அமாவாசை. இனிமேல் எங்கே என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். டாக்டர் வருவாரா என்பதும் தெரியாது. அம்மா மட்டும் காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். டாக்டர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண், வயது வந்த மகனைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் நின்றாள். இரண்டு தரம் வாசல் வரைக்கும் வந்து திரும்பினாள். உங்களில் பலரும் பார்த்தீர்கள். அம்மா எழுந்து தெருவைக் கடந்து போய், அவள் பக்கத்தில் வெறுமனே நின்றாள். அப்புறம் அம்மாவின் குரல் கேட்டது: "நானும் பேசாமத்தான் வந்தேன் தாயி. வா, வெயிலு சுடுது." மூன்று பேரும் உள்ளே வந்தார்கள்.

தலைவரம்மாவின் படத்தை மன்றத்தில் மாட்டப் போகிறோம். மாட்டலாம். அவரிடமிருந்து நீ எதை வைத்துக்கொண்டாய் என்று யாராவது என்னைக் கேட்டால், நான் என் அம்மாவைக் காட்டுவேன்.