ஒன்பதாயிரம் அடியில் ஒரு தெர்மாமீட்டர்

ஆரையம்பதியில் என் வீட்டு வாசல் கடல் மட்டத்திலிருந்து பத்து அடிகூட இராது. நேபாள மலையில் நான் ஹெலிகொப்டர் எஞ்சினியராக வேலை செய்த ஓடுபாதை ஒன்பதாயிரத்து முந்நூறு அடி. அந்த உயரத்தில் காற்று மெலிவு. வெயில் ஏறினால் இன்னும் மெலியும். தூக்கக்கூடிய எடையும் குறையும். வெப்பநிலை பார்த்து எடைக் கணக்குக் கொடுப்பது என் பொறுப்பு.

அன்று பிரசவம் சிக்கலான ஒரு பெண்ணை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காலை ஆறரைக்கு வெப்பநிலை இரண்டு பாகை. கெப்டன், அவள், அவளைத் தாங்கிப்பிடிக்கக் கணவன், நான்: நான்கு பேர் ஏறினாலும் பதினெட்டுக் கிலோ மிச்சம் என்று எழுதிக் கொடுத்தேன். மேல் கிராமத்திலிருந்து அவளைச் சுமந்துவரப் பத்து மணியாகிவிட்டது. பள்ளத்தாக்கில் முகில் ஏறிக்கொண்டிருந்தது.

கெப்டன் எங்கள் பக்கத்து ஊர்க் காத்தான்குடிக்காரர், என்னிலும் பதினாறு வயது இளையவர். என் தாளில் எது இருந்தாலும், முதலில் மூன்றடி உயர்த்தி, பத்து எண்ணும்வரை அந்தரத்தில் நிறுத்தி, எஞ்சின் சுமையைக் காட்டும் டோர்க் முள்ளைப் பார்ப்பார். என்னை நம்பாமல்தானே என்று எட்டு மாதமாக எனக்கு மனக்குறை.

அன்று முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மெதுவாக இறக்கினார்.

"ரெண்டு தரம் கூட்டின நான், கெப்டன்."

"கூட்டினது சரிதான் அண்ணன். மெஷின் ஏலா எண்டுது. டிகிரி எத்தின மணிக்குப் பாத்த?"

வெளியே தெர்மாமீட்டரைப் பார்த்தேன். பதின்மூன்று. எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்த எனக்கு இரண்டும் குளிர், பதின்மூன்றும் குளிர். மூன்று சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு, ஒன்றும் மாறவில்லை என்று இருந்துவிட்டேன். கூட்டல் சரியாக இருந்தாலும், எடுத்த எண் பழையதானால் ஆள் செத்துப்போகும்.

அவர் ஏசவில்லை. இறங்கப்போன கணவனைக் கையால் மறித்துவிட்டு, என்னைப் பார்த்தார். அறுபத்தொரு கிலோ நான் இறங்கினேன். பதினான்கு கிலோ கருவிப்பெட்டியையும் இழுத்தெடுத்தேன்.

"நாளைக்கு வாறன். அதுக்குள்ள மலையில எத்தின கல்லெண்டு எண்ணி வைங்க."

மறுபடி மூன்றடி, மறுபடி பத்து. பிறகு ஓடுபாதை விளிம்பைத் தாண்டி, வேகம் எடுக்கப் பள்ளத்துக்குள் மூக்கைச் சரித்தார். ஹெலிகொப்டர் மறைந்தது. நான் எண்ணினேன். ஒன்பதில் வெள்ளைப் புள்ளியாக எழும்பி, முகிலுக்கும் மலைக்கும் இடையில் மிஞ்சியிருந்த வெளியால் போனது.

மறுநாள் காலை வந்திறங்கியவர், தாய் சுகம், பெண் குழந்தை, இரண்டு கிலோ எழுநூறு என்றார். எடையை எனக்காகவே கேட்டு வந்திருந்தார்.

தெர்மாமீட்டரைப் போய்ப் பார்த்தேன்.

"இப்ப நாலு, கெப்டன்," என்றேன்.