பின்சீட்டில் இருந்த பாரம்

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அப்பாவைக் காரின் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து ஊருக்குக் கிளம்பினார்கள். வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். காரை ஓட்டியது அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. அம்மாவின் தோளில் தலையை வைத்து அப்பா தூங்கினார். "மெதுவாப் போங்க தம்பி, இப்பத்தான் கண்ணசந்தாரு" என்று அம்மா வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாளாம். கார் எங்கள் களத்தில் வந்து நின்ற பிறகுதான் அவர் தூங்கவில்லை என்று தெரிந்தது. உயிர் போனது சூலூரிலா, பல்லடத்திலா, காங்கேயம் தாண்டியா? யாருக்கும் தெரியாது.

அம்மா அழவில்லை. சேதி கேட்டுப் புகுந்த வீட்டிலிருந்து நான் ஓடிவந்தபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காரியம் முடிந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எழவுக்கு வந்த பெண்கள் காதோடு காதாக என்னென்னவோ பேசினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரை வாசலோடு அனுப்பிவிட்டேன். அம்மா சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "எந்த எடத்துல எறங்கிப் போனாருன்னே தெரியலையே கண்ணு."

அவளைத் தனியே விட மனமில்லாமல் நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

பஞ்சு விலை பேசச் சித்தப்பா கோயமுத்தூர் போனபோது, மாற்றமாக இருக்கட்டும் என்று அம்மாவையும் அழைத்துப் போனோம். போகும்போது கார் நன்றாகத்தான் ஓடியது. திரும்பி வரும்போது அது வேறு காராக இருந்தது. மேட்டில் முக்கி முக்கி ஏறியது. வளைவுகளில் முன்பக்கம் திரும்பிய பிறகும் பின்பக்கம் தன் போக்கில் வெளியே இழுத்தது. ஸ்டியரிங் கைக்கு லேசாகி நழுவுகிறது என்றார் சித்தப்பா. பிரேக்கை மிதித்தால் நிற்க மாட்டாமல் நின்றது. வீடு வந்து களத்தில் இறங்கியதும் சித்தப்பா மெல்லிய குரலில், "அண்ணனெ ஏத்திட்டு வந்தன்னைக்கும் இப்படியேதான் இழுத்துச்சு" என்றார்.

நான் சிரித்தேன். அடுத்த இரண்டு நாளில் என் சிரிப்பு அடங்கியது.

நல்ல உச்சிவெயிலில் தாராபுரம் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். ஈ காக்கை இல்லை. குறுக்கே ஆட்டுமந்தை வரவும் சித்தப்பா காரை நிறுத்தினார். கார் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, பின்னாலிருந்து மெதுவாக ஒரு தள்ளல். தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்து, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க முன்னால் சாய்வது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா இடது ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அப்பாவின் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தைப் பார்த்து அம்மா, "ஒண்ணுமில்லீங்க, ஆடு போகுது" என்றாள்.

சித்தப்பா பின்னால் திரும்பாமலே காரை எடுத்தார்.

அதன் பிறகு எங்களுக்கு அது பழகிவிட்டது. கோயமுத்தூரில் அப்பா ஏறுவார். முதல் நாள் கனமாக, அசையாமல் வருவார். பிறகு நாளுக்கு நாள் நிலைகொள்ளாமல் போவார். நிறுத்தும் இடத்திலெல்லாம் முன்னால் சாய்வார், வளைவில் பக்கவாட்டில் சரிவார். பிறகு ஒருநாள் இருக்கமாட்டார். கார் குதித்துக்கொண்டு ஓடும். அன்றைக்கு அம்மா சாப்பிடமாட்டாள். "தம்பி, கோயமுத்தூர் போயிக் கூட்டியாந்துருங்க" என்பாள். சித்தப்பாவும் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுப்பார். நான் தடுக்காமல் கூடப் போனேன். பொய் சொல்வானேன், அந்தத் தள்ளல் வரும்போது "அப்பா" என்று நானும் மனசுக்குள் கூப்பிட்டிருக்கிறேன்.

ஒருமுறை உடுமலைப்பேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு பாலத்துக்கு முன்னால் சித்தப்பா பிரேக் போட்டார். தள்ளல் வரவில்லை. கார் மறுபடி வேகம் எடுத்த பிறகு பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா ஒரு காலை வெளியே வைத்திருந்தாள். நான் சீட்டின் மேலேயே தாவி அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உடு கண்ணு. இங்கதான் எறங்கறாரு. நானும் கூடவே போயிக்கறேன்."

அவள் முகத்தில் பயமே இல்லை. வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். அப்பாவைப் பறிகொடுத்தது போதாதா, இவளையும் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாரா என்று செத்துப்போன மனுஷர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த கோயமுத்தூர் பயணத்தில் அவளைக் காவல் காக்கவே நான் கூடப் போனேன். ஊருக்குத் திரும்புமுன் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். அம்மா உள்ளேயே இருந்தாள். எந்தப் பக்கம் இறங்கினாலும் பிடித்துவிடலாம் என்று நான் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பங்க் ஆள் கைப்பிடியை ஆட்ட ஆட்ட பெட்ரோல் இறங்கியது. கார் மெதுவாகப் பின்னால் தாழ ஆரம்பித்தது. ஸ்பிரிங் பட்டைகள் ஒவ்வொன்றாக முனகின. ஒரு கனத்த மனிதர் பார்த்துப் பார்த்து ஏறி உட்கார்வது போலவே இருந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். அம்மா நகர்ந்து இடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டாருங்க தம்பி, போலாம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் சித்தப்பா கோயமுத்தூரை ஒட்டிய கணபதியில் ஒரு பட்டறையில் சொல்லி, ஏற்கனவே இருந்த டாங்கி போக, காரின் பின்னால் பெரிய தகர டாங்கி ஒன்று கூடுதலாக வைத்திருந்தார். எங்கள் பக்கம் பெட்ரோல் கிடைக்காது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. உள்ளே தடுப்பு எதுவும் இல்லாத வெறும் பெட்டி. அதை முதன்முதலாக நிரப்பியது அப்பாவைக் கூட்டிவந்த அன்றைக்குத்தான். நிறைந்தால் ஓர் ஆள் எடை. பாதியானால் உள்ளே அலையடித்து, வண்டி நின்ற பிறகு வந்து முட்டும். தீர்ந்தால் பழைய டாங்கியில் வண்டி லேசாக ஓடும்.

ஊருக்கு வந்ததும் டாங்கியைக் கழற்றச் சொன்னேன். சித்தப்பா என்மேல் பாய்ந்தார்.

"அண்ணனெ எறக்கி உடச் சொல்றியா அம்மணி?"

"அது பெட்ரோலுங்க சித்தப்பா. நீங்க மாட்டுவண்டியில முன்பாரம் பின்பாரம் பாத்து மூட்டை அடுக்கறவரு. இது தெரியலீங்களா?"

"மாடு தின்ன தீனியெ எவனாச்சும் பாரத்துல சேப்பானா?"

பெட்ரோல் காருக்குத் தீனி. தீனியைப் பாரம் என்று எங்கள் ஊரில் யாரும் நினைத்தது கிடையாது.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. மறுநாள் காலை அம்மாவைக் காரில் உட்காரவைத்தேன். ரப்பர் குழாய் வைத்து டாங்கியைப் பாதி வடித்தோம். எங்கள் வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் சித்தப்பா ஓட்டி, பிரேக் போட்டார். தள்ளல் வந்தது. அம்மா பக்கத்தில் பார்த்துத் தலையசைத்தாள். மிச்சத்தையும் வடித்து மறுபடி ஓட்டச் சொன்னேன். பிரேக். ஒன்றுமில்லை. அம்மாவின் கை கதவுக்குப் போனது. "பொறும்மா" என்று தகரடப்பாவிலிருந்து பெட்ரோலைத் திரும்ப ஊற்றினேன். இந்த முறை ஓட்டுவதற்கு முன்பே அம்மா இறங்கிவிட்டாள்.

பின்னால் நடந்துவந்து டாங்கியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இரண்டு கையாலும் காரைப் பிடித்து ஆட்டினாள். உள்ளே களக் களக் என்று கேட்டது.

"இத்தனை நாளா இதுகிட்டயா கண்ணு பேசிட்டு வந்தேன்?"

நான் ஆமாம் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எப்படி மனசு வந்ததோ.

அம்மா அந்த மண்ணிலேயே உட்கார்ந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்த சத்தம் அவளுடையது போலவே இல்லை. மார்பில் அடித்துக்கொண்டு, "என்னய உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே" என்று அவள் அலறியதில் பனைமரத்துக் குருவிகளெல்லாம் கலைந்து பறந்தன. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, வேலியைத் தாண்டி ஓடிவந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு முன்னால் வந்த ஒரு பெண், மூச்சு வாங்க, "ஏனுங்க, யாருங்க போயிட்டது?" என்று கேட்டாள்.

சித்தப்பா காரிலிருந்து இறங்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயில் பொத்திக்கொண்டு, "எங்கண்ணனுங்க" என்றார்.