பாக்கியம் அக்கா இரண்டு முறை சொன்ன பெயர்

முப்பத்தொரு கட்டுரைகள் என் மேசையில் கிடக்கின்றன. கல்லூரித் தமிழ்ச் சங்கம் வைத்த போட்டி. 'பெண் விடுதலை என்றால் என்ன?' என்பது தலைப்பு. நடுவர் நான்தான், வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒருத்தி சைக்கிள் ஓட்டுவது என்கிறாள். ஒருத்தி சமையலறைக்குப் பூட்டுப் போடச் சொல்கிறாள். ஒருத்தி நான்கு பக்கம் சுற்றிவிட்டு, ஆணும் பெண்ணும் வண்டியின் இரு சக்கரங்கள் என்று முடித்து, அடியில் பூ வரைந்திருக்கிறாள். இருபதாவதோ இருபத்தொன்றாவதோ கட்டுரையில், 'கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்வதே விடுதலையின் முதற்படி' என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்ட ஒரு வரி. மதிப்பெண் போட எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட இதே வரியை, மேசையைத் தட்டிச் சொன்ன ஆசாமி நான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து ஒரு வருஷம் முடியப் போகிறது. சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ், தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை, இரட்டைச் சடை, எதற்கும் பதில் கையில் வைத்திருக்கும் வாய். காஜா பேராங்கில் எங்கள் வீட்டை ஒட்டி மீனாச்சி பிபியின் வீடு. பிபி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறி மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட செட்டிச் சமூகத்துப் பெண்மணி. கெபாயாச் சட்டை, சாரோங், நெற்றியில் திருநீறு, பேச்செல்லாம் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் சில திட்டு வார்த்தைகளும்தான். காலையில் அவர் வீட்டில் பாண்டான் இலையும் தேங்காய்ப் பாலும் கொதிக்கும் வாசம் வந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் பசி பொறுக்காது. இப்போதும் எங்காவது அந்த வாசம் அடித்தால் பலகாரம் நினைவுக்கு வருவதில்லை. மனுப் பாரம்தான் நினைவுக்கு வருகிறது. பிபி வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்துதான் அந்த வட்டாரத்துக்கே பிரஜாவுரிமைப் பாரம் எழுதினேன்.

அந்த அவசரத்தைச் சொல்ல வேண்டும். மெர்டேக்காவுக்குப் பிறகு ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால் மலாய்த் தேர்வு கிடையாது. ஆகஸ்டு தாண்டினால் உண்டு. பாசாரில் மீன்காரனோடு மலாயில் சண்டை போட்டு ஜெயித்து வருகிற பெண்களெல்லாம் 'தேர்வு' என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்கினார்கள். ஆகஸ்டு கடைசி வாரம் வரை ஆறப்போட்டுவிட்டு எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி வந்தது தனிக் கதை.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் பாக்கியம் அக்கா. டோபி கடையில் இஸ்திரி போடுகிறவர். கஞ்சி போட்ட துணியும் கரி அடுப்பும் கலந்த ஒரு வாசம் அவர் வருவதற்கு முன் வந்துவிடும். அவர் வீட்டுக்காரர் தொங்கான் படகில் சரக்கு ஏற்றி இறக்கியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கப்பலேறியவர் வரவில்லை. கடிதம்தான் வந்தது. இனி மலாயாவில் நமக்கென்ன இருக்கிறது, மகளைக் கூட்டிக்கொண்டு நீயும் வந்து சேர் என்று. மகள் செல்வி என் வகுப்பில் படித்தாள். கணக்கில் புலி. அக்காவுக்குப் போக மனமில்லை. இங்கேயே இருக்கப் பிரஜாவுரிமைப் பத்திரம் வேண்டும். அது கையில் இருந்தால் புருஷனுக்கு 'வரமாட்டேன்' என்று எழுதிவிடலாம், இல்லாவிட்டால் இன்றைக்கோ நாளைக்கோ கப்பல்தான். விஷயம் அவ்வளவே.

அக்கா பாரம் எழுத வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் ஒரு வாதம் நடந்தது. தலைப்பு, உங்களுக்கே தெரிந்திருக்கும், பெண் விடுதலை. செயலாளர் தொடங்கிவைத்தார்: தாய் படித்தால் பிள்ளை படிக்கும், அதுதான் விடுதலை. துக்காங் எமாஸ் தெருவிலிருந்து வந்த நகைக்கடைக்காரர் நம் பெண்கள் மகாலட்சுமிகள், லட்சுமிக்கு எதற்கு விடுதலை என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். அவர் தொழிலுக்கு அந்தக் கருத்துதான் ஒத்துவரும் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் எழுந்து, கல்யாணமானால் எங்கள் நிரந்தர வேலை மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கிற தற்காலிக வேலையாகிவிடுகிறது, அதை மாற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்றார். அதற்குக் கைதட்டல் இல்லை. பிறகு நான். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிறவளுக்கு ஓட்டுரிமை எதற்கு என்று மேசையைத் தட்டினேன். தண்ணீர்க் குவளை விழுந்தது. பயங்கரக் கைதட்டல்.

வெளியே வந்தபோது பாக்கியம் அக்கா செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படி இருந்தது அக்கா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பேசுன தங்கச்சி. ஆனா எனக்கு அந்த விடுதலையெல்லாம் வேணாம் லா. புருஷன விட்டுட்டுப் போறதுதானே அது? எங்க வீட்ல அவரே போய்ட்டாரு."

நான் சிரித்தேன். அறியாமை என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். அப்போதெல்லாம் நிறையக் குறித்துக்கொள்வேன்.

வியாழக்கிழமை பாரம் எழுத வந்தார். பெயர், பிறந்த ஊர், வந்த வருஷம் எல்லாம் ஓடிவிட்டது. கணவர் பெயர் என்ற இடத்தில் நின்றோம். அக்கா சுவரில் இருந்த முருகன் படக் காலண்டரைக் காட்டினார். நான் புரியாதது போல் பார்த்தேன். ஒரு கை விரல் ஐந்தையும் விரித்து, மறுகையில் ஒரு விரல் நீட்டினார். ஆறு. பிறகு முகத்தைத் தொட்டுக் காட்டினார். பச்சைப் பிள்ளைக்கும் புரியும். அதோடு செல்வியின் பெயரை வகுப்புப் பதிவேட்டில் தினமும் தகப்பன் பெயரோடு படிக்கிறவள் நான்.

"வாயால சொல்லுங்கக்கா. சொன்னாத்தான் எழுதுவேன்."

"வெளையாடாத தங்கச்சி."

"வெளையாட்டு இல்ல. பிரஜாவுரிமை கேக்குறீங்க, ஒரு பேரு சொல்ல முடியலயா?"

அடுப்படியில் இருந்து பிபி எட்டிப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று மலாயில் கேட்டார். விளக்கினேன், கொஞ்சம் பெருமையோடுதான். பிபி கரண்டியால் என்னைச் சுட்டி, அவளுக்கு வந்த கடித உறையில் பெயர் இருக்குமே, பார்த்து எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே, உனக்கு வேறு வேலை இல்லையா என்றார். எவ்வளவு சுலபமான வழி. எனக்கு அது தோல்வி போலப் பட்டது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் பாரத்தை மடித்துக் கொடுத்தேன். மனு வாங்குகிற ஆபீசில் நீங்களே சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன் என்றேன். துணைக்கு என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். நான் வேடிக்கை பார்க்கப் போனேன். இதை இப்போது எழுதும்போது காது சுடுகிறது, இருக்கட்டும்.

சனிக்கிழமை. பண்டார் ஹிலிரில் ஆபீசுக்கு வெளியே வரிசை சாலை வரை வந்திருந்தது. பாதிப் பேர் எங்கள் ஆட்கள். பிற்பகலில் மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை, அதோடு ஆகஸ்டும் முடிந்தது. எங்கள் முறை வந்தபோது பன்னிரண்டரை இருக்கும். மனு வாங்கிய கிராணி ஒரு மலாய்க்கார இளைஞர். பாரத்தைப் புரட்டி, விரல் வைத்து, கணவர் பெயர் என்ன என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை, வேலைக் களைப்பு.

அக்கா என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன்.

கிராணி மறுபடி கேட்டார். இது இல்லாமல் வாங்க முடியாது, ஓரமாக நில்லுங்கள், அடுத்தவர் வரட்டும் என்றார். பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள். அக்கா ரவிக்கைக்குள் கிடந்த தாலியைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குனிந்து மேசையிடம் சொல்வது போல் சொன்னார்.

கிராணிக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக என்றார்.

"ஆறுமுகம்."

அந்தக் கூடத்தில் அது எதிரொலித்தது என்று எழுத ஆசைதான். எதிரொலிக்கவில்லை. பின்னால் நின்ற எங்கள் தெரு ஆள் ஒருவர், "அட, புருஷன் பேர சொல்லிருச்சுப்பா," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான். கிராணி எழுதிக்கொண்டார். அக்கா விசுவாசப் பிரமாணத்தை மலாயில் பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார், பெருவிரல் பதித்தார். தேர்வு வைத்திருந்தாலும் பாசாகியிருப்பார்.

பஸ்ஸில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே, இதுதான் அக்கா விடுதலை என்றேன். அவர் சன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தார். எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது ஒன்று சொன்னார்.

"நீங்க எழுதியிருக்கலாம் டீச்சர்."

தங்கச்சி டீச்சர் ஆனது அங்கேதான். அக்கா வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று பிபி வந்து சொன்னார். மூன்று நாள் என்னோடு பிபி பேசவில்லை. நாலாம் நாள் பலகாரத் தட்டு வந்தது, பிபி வரவில்லை, தட்டு மட்டும்.

பத்திரம் கிடைத்தது. அக்கா வரமாட்டேன் என்று ஊருக்கு எழுதிப் போட்டார். அதை எழுதித் தரச் சொல்லி என்னிடம் வரவில்லை, செல்வியை வைத்தே எழுதினார். அதன் பிறகு அங்கிருந்து கடிதமே இல்லை. வரமாட்டேன் என்றவளுக்கு எதற்கு எழுதுவான், கோபமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா அதை வேறு விதமாக, அன்றைக்குச் சொன்ன பெயரோடு சேர்த்து நினைத்தாரா என்று கேட்க இன்று வரை வாய் வரவில்லை, என்னுடைய இந்த வாய்க்கு. பொட்டு மட்டும் வைத்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் சிறியதாக.

படிப்பகம் இருந்த இடத்தில் டயர்க் கடை. டோபி கடையில் மின்சார இஸ்திரி வந்து கரி வாசம் போய்விட்டது. பிபி போன வருஷம் தவறிவிட்டார். அந்த முன்கூடத்தில் அவர் மருமகன் தையல் மெஷின் போட்டிருக்கிறான். செல்வி புக்கிட் பாருவில் வீடெடுத்து அம்மாவைக் கூட வைத்திருக்கிறாள். அக்கா இரண்டு தேர்தலிலும் காலையில் முதல் ஆளாக ஓட்டுப் போட்டார் என்று அவள்தான் சொன்னாள்.

சென்ற மாதம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். என் கழுத்தைப் பார்த்தார். எப்போ ஆச்சு டீச்சர் என்று விசாரித்தார், சொல்லவே இல்லையே என்று கோபித்துக்கொண்டார், முறையாகத்தான். பிறகு, "மாப்ள பேரு என்னா?" என்றார்.

சொன்னேன். பஸ் எண்ணைச் சொல்வது போல் வந்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்தார், பெயரைச் சொன்ன பிறகு ஒரு தயக்கமாவது அங்கே வர வேண்டும் என்பது போல. எதுவும் வரவில்லை. நல்ல பேரு என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு புக்கிட் பாரு வண்டியில் ஏறிப் போனார்.