தண்ணீருக்குள் கல் நட்ட தேசம்மா அக்கா

செய்தி வந்தபோது ஷிப்ட் முடிந்து மீஞ்சூர் ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரம் குப்பத்திலிருந்து அழைப்பு என்று தெரிந்ததும் எடுக்கவில்லை. சில வருடங்களாகவே அந்தப் பக்கத்துப் போன் என்றால், யாரையோ விசாரணைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். விடாமல் அடிக்கவே எடுத்தேன். தேசம்மா அக்காவின் மருமகள் கோமதி. "அத்த பூட்டாங்கண்ணா. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. போட்டுல ஏத்தினு வந்தோம், கரை சேர்றதுக்குள்ள பூட்டாங்க." யாரும் அவரை இழுத்துக்கொண்டு போகவில்லை என்று ஒரு கணம் நிம்மதி வந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

அக்காவோடு நாடகத்தில் நின்ற உங்களுக்கும், மணலில் உட்கார்ந்து பார்த்த உங்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஏரியோரம் நிலம் எடுக்கப் போகிறார்கள், கம்பெனி வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய நேரம். பொன்னேரியிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் குப்பம் குப்பமாகப் போய்த் தெருநாடகம் போட்டோம். நான் பறை அடிப்பேன். கோட்டு போட்ட முதலாளியை மீனவர்கள் விரட்டுவதோடு நாடகம் முடியும். ஜனங்கள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பசியாவரத்தில் ஒரு பெண் மட்டும் எழுந்து போகவில்லை. "உங்க டிராமாவுல ஒர்த்தரும் பயப்படலியே தம்பி" என்றார். "நாங்க பயந்துனு கீறோம். அத யாரு சொல்வா?"

அவர்தான் தேசம்மா அக்கா. கையால் இறால் பிடிப்பவர். கூடைக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குந்தியபடி சேற்றைத் தடவிப் போவார். சில நாளிலேயே எங்களோடு வந்து கதை சொல்ல ஆரம்பித்தார். அவரே கட்டிய கதை. இறால் தடவும் ஒருத்தியின் விரலில் ஏதோ தட்டுகிறது. "சிப்பின்னு நெனச்சேன். தடவிப் பாத்தா நாலு மூலை. மேல எழுத்து வெட்டிகீது. நெலத்த அளந்து நடுற கல்லு. தண்ணிக்குள்ள எவன் நட்டான்?" அவள் பிடுங்கப் பார்க்கிறாள், வரவில்லை. தள்ளிப்போய்த் தடவுகிறாள், அங்கும் ஒன்று. அக்கா இதைக் குரல் உயர்த்தாமல், கண்ணை மூடி, விரல்களை மட்டும் அசைத்துச் சொல்வார். எனக்குப் பறையில் கை எழாது.

கதை எங்களை விட்டுவிட்டுத் தானாகப் போனது. கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொல்ல, பல பேர் அதை நடந்ததாகவே நம்பிவிட்டார்கள். ஒரு காலையில் பெண்கள் ஏரியில் இறங்கி, வரிசையாகக் குந்தி, கல்லைத் தேடித் தடவிக்கொண்டே போனார்கள். மீன் பிடிக்கும் இடத்துச் சண்டையில் பல காலம் முகம் பார்க்காத இரண்டு குப்பத்துப் பெண்கள் அன்று தோளோடு தோள் உரசிப் போனார்கள். கல் கிடைக்கவில்லை. கரையேறியதும் ஒருத்தி, "இன்னிக்கி இல்ல. நாளைக்கு நட்டா?" என்றாள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நம் பெண்கள் சங்கம் அங்கே, ஈரச் சேலையோடுதான் தொடங்கியது.

வதந்தி பரப்பியதாக அக்காவையும் என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அடியில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நகம் பதிந்தது.

"கல்லை எங்கே பார்த்தே?" என்றார் அதிகாரி.

"கதையில சார்."

"அப்போ பொய்தானே?"

"பொய்யின்னா நல்லது சார். ஏரியில கல்லு நட மாட்டோம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கதைய வுட்டுர்றேன்."

அதிகாரி பேனாவைத் தொடவில்லை. மாலைவரை உட்கார வைத்து, எச்சரித்து அனுப்பினார். வெளியே வந்ததும் அக்கா பஸ் நிறுத்தத்தின் பின்னால் போய் வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு "எழுதிக் குடு" என்பதே எல்லாக் குப்பங்களின் கோஷமானது. இன்றுவரை எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. நடும் எண்ணம் இல்லையென்றால் ஒரு வரி எழுதுவதற்கென்ன?

பிறகு, முன்பின் தெரியாதவர்கள் அவர் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நாள் கதையை நிறுத்திவைக்கலாம் என்று கெஞ்சினேன். "நிறுத்திட்டா தூக்கம் வந்துருமா? தனியா பயந்தா ஒடம்புக்கு ஆவாது தம்பி. நாலு பேரா பயந்தா கொஞ்சம் தூங்கலாம்" என்றார்.

அவரை அடக்கம் செய்தபோதும் யாரோ ஒருவர் ஓரமாக நின்று எங்கள் முகங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கோமதி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஞாயித்துக்கெழம கூட்டம் கீது. கதைய நீங்க சொல்லுங்கண்ணா" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்காவிடமிருந்து தைரியம் எதுவும் எனக்கு வரவில்லை. அவரிடமும் அது இருந்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்கிறேன். கூட்டம் சிதறி உட்கார்ந்திருந்தால் அவர் வாய் திறக்க மாட்டார். "தூரமா குந்தினா எனக்கு பயமா கீது. கிட்ட வாங்க" என்பார். நீங்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து வருவீர்கள். முழங்கால்கள் இடிக்கும்வரை காத்திருந்துதான் தொடங்குவார். அவர் விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எனக்குக் குரல் நடுங்கும். கிட்ட வந்து உட்காருங்கள்.