ஆலைச் சங்கு

பின்னேரங்களில் அந்தச் சத்தம் வரும். மூடிய சன்னலையும் அதன்மேல் அம்மா குத்தி வைத்திருந்த பழைய சேலையையும் தாண்டி வந்து, வயிற்றுக்குள் இறங்கி அதிரும் ஒரு நீண்ட, கனத்த சத்தம். "அது ஆலைச் சங்கு பிள்ளை. வேலை முடிஞ்சு சனம் வீட்டை போகுது" என்பார் அம்மா. எனக்கு ஒன்பது வயது. அம்மா சொன்னால் ஆலைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லண்டனுக்கு முன்பே போய்விட்ட அப்பாவிடம் போய்ச் சேருவதற்காக, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு "லொட்ஜ்" அறைக்குள் நானும் அம்மாவும் பதினொரு மாதம் கிடந்தோம். வெளியே போனால் பொலிஸார் பிடிப்பார்கள், உள்ளே இருந்தால் தேடி வருவார்கள் என்ற காலம். ஆகவே யார் கதவைத் தட்டினாலும் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் இருவரும் ஒடுங்கி உட்கார்ந்துவிட வேண்டும். "மூச்சுக் காட்டாதை. ஆர் வந்தாலும் நாங்கள் இல்லை." தலைநகரத்தில் வாழ்ந்தவள் என்று நான் பீற்றிக்கொள்ளலாம், பார்த்தது என்னவோ எதிர்ச் சுவரும் அதன்மேல் ஒரு தண்ணீர்த் தாங்கியும்தான்.

லண்டனுக்கு வந்தபோது அந்த லொட்ஜும் எங்களோடு விமானமேறி வந்துவிட்டது. டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே ஒற்றை அறை. அப்பா பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலைக்குப் போனதும் அம்மா சேலையை எடுத்துச் சன்னலில் குத்துவார். பள்ளி விட்டு வந்தால் நானும் உள்ளேதான். ஒருநாள் ஹீட்டர் திருத்த வந்தவர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நாங்கள் அலுமாரிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தோம். அன்று அப்பா போட்ட சத்தத்தில் கீழே கடைக்காரரே படியேறி வந்துவிட்டார். "இது கொழும்பில்லையப்பா! இஞ்சை ஆரும் உங்களைப் பிடிக்க வரமாட்டினம்!" என்று அம்மாவிடம் கத்தினார் அப்பா. அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த மூன்று நாளும் எனக்கு மறக்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு கவலைதான். எங்கள் இருவரின் அகதி வழக்கில் நேர்முகத்துக்கு அழைத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வர வேண்டும்; அதற்குப் போகாவிட்டால் எல்லாம் கெட்டது. காலணியைக் கழற்றுமுன்பே "கடிதம் வந்ததோ?" என்று கேட்பார்.

அந்த நாட்களில்தான் வகுப்பு ஆசிரியை, தீவு நாடொன்றின் தலைநகரைப் பற்றிப் பேசும்படி என்னிடம் சொன்னார். "உனக்குத்தான் அந்த நகரம் தெரியுமே!" எனக்குத் தெரிந்த தண்ணீர்த் தாங்கியைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவது? நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் எடுத்து வந்தேன். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, அதை ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திக் கட்டியது, பின்னால் வந்த ஆங்கிலேயர் மதில்களை இடித்துத் தள்ளியது, ஆனாலும் சனங்கள் இன்றுவரை அந்த இடத்தைக் கோட்டை என்றே சொல்வது. கொம்பனித்தெருப் பக்கம் ஒல்லாந்தர் அடிமைகளை இராவில் அடைத்து வைத்தார்களாம், சுற்றிவர முதலைகள் திரிந்த தண்ணீராம். வாசித்துச் சொன்னபோது அம்மா, "அதுகளுக்கும் லொட்ஜ்தான்" என்று சிரித்தார். லண்டனில் அம்மா சிரித்ததை நான் கண்டது அன்றுதான்.

புத்தகத்தில் ஒரு வரைபடமும் இருந்தது. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலேயே பெரிய துறைமுகம். "அம்மா, இஞ்சை கடல் கிடக்கு!" என்றேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அது பழைய படம்" என்று பருப்பைக் கிண்டப் போய்விட்டார்.

அரைத்தவணை விடுமுறையில் ஒருநாள் கீழ்க்கதவு மூன்று தரம் பலமாக அதிர்ந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். பழக்கமான இடத்தில் ஒடுங்கினோம். அம்மாவின் இதயம் என் முதுகில் அடித்தது. ஓசை அடங்கியபின் நான் இறங்கிப் போனேன். நிலத்தில் ஒரு அட்டை கிடந்தது. பதிவுத் தபாலோடு நாங்கள் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை, வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"என்னது?" என்றார் மேலேயிருந்து ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மா.

"பீட்சாக் கடை விளம்பரம்."

அப்பா சத்தம் போடுவார், அம்மா சாப்பிடமாட்டார். அது ஒன்றுதான் எனக்குள் ஓடியது. ஊரில் ஆளில்லாவிட்டால் தபாற்காரர் மறுநாளும் வருவார். இவரும் வருவார், நானே ஓடிப்போய்த் திறப்பேன் என்று நினைத்தேன். அட்டையை வரைபடப் பக்கத்தில் செருகினேன். அவர் வரவேயில்லை. விடுமுறை முடிந்து, நான் வகுப்பில் கொழும்பைப் பற்றி வெளுத்து வாங்கிக் கைதட்டலும் பெற்று, அட்டையோடு புத்தகத்தையும் நூலகத்தில் கொடுத்துவிட்டேன்.

சில வாரங்களில் வேறொரு கடிதம் வந்தது: நேர்முகத்துக்கு வராததால் கோரிக்கை நிராகரிப்பு. "வீட்டில் ஆளில்லாட்டி ஒரு காட் போட்டிருப்பினமே" என்றார் தமிழ் வழக்கறிஞர். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "நான்தான் கவனியாமல் குப்பையிலை போட்டிருப்பன்" என்றார்.

மேன்முறையீடு நான்கு வருடம் இழுத்தது. நாட்டை விட்டு அசைய முடியாது. அதற்குள் ஊரில் அம்மாவின் தகப்பனார் இறந்துபோனார். அம்மா வாயில் துவாயை அமத்திக்கொண்டு, லொட்ஜில் அழுவதுபோலச் சத்தமில்லாமல் அழுதார். அப்பா கோபம் வரும்போதெல்லாம் அந்த அட்டையைப் பேச்சில் இழுத்தார். நான் கேட்டுக்கொண்டே வளர்ந்தேன். இவ்வளவு வெட்கம் கெட்டவளாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை.

போன வருடம் பிரித்தானியக் கடவுச்சீட்டோடு கொழும்பு போனேன். லொட்ஜ் இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. பின்னேரம் அதே சத்தம் கேட்டது. தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரர், "கப்பல், மிஸ்" என்றார். நடந்தே போனேன், அவ்வளவு கிட்டத்தில் கடல். டூட்டிங் அறை இப்போது கைத்தொலைபேசிக் கடையின் களஞ்சியம். நூலகத்தை மூடிவிட்டார்கள். அப்பாவும் இல்லை, அவரிடம் சொல்லும் வாய்ப்பும் போயிற்று.

லண்டன் திரும்பியபின், அம்மா இப்போது இருக்கும் ஹரோ வீட்டில், தேநீரை வைத்துக்கொண்டு, அம்மாவிடம் அட்டையைப் பற்றிச் சொன்னேன். சொல்ல முப்பது வருடம் எடுத்தது.

"வழக்கறிஞர் காட் எண்டவுடனை உன்ரை முகத்திலை கண்டனான்" என்றார் அம்மா. "கொப்பர் உன்னை ஏசியிருப்பார். எனக்கு ஏச்சுப் பழக்கம்."

"உங்கடை ஐயாவின்ரை செத்தவீட்டுக்குப் போகேலாமப் போச்சே அம்மா."

"ஓம், போச்சுத்தான்" என்றார் அம்மா. "நான் உனக்குக் கப்பலை ஆலை எண்டன். கடல் எண்டால் போவமெண்டு அழுவாய். நீ எனக்குக் கடிதத்தைப் பீட்சா எண்டாய். குடி, தேத்தண்ணி ஆறுது."

அப்போது வாசல் மணி அடித்தது. நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்தினோம். இரண்டாம் முறை அடித்தபோதுதான் தெரிந்தது, அம்மாவின் கை என் கையைப் பிடித்திருப்பதும், நானும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதும்.